இல்லாத கண்ணாடி எப்படி வந்தது?



இந்தப் பாடத்தைப் படிக்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். பாடத்தைப் படித்துவிட்டால் விடை தெரிந்துவிடும். அப்புறம் சோதனை செய்து பயன் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதியின் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் காதில் நாள்தோறும் விழும் பன்னிரண்டு சொற்களைக் கீழே கொடுத்திருக்கிறோம். நீங்கள் வேறு ஊர்க்காரராக இருந்தாலும் கவலை இல்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு முறை, நிதானமாக, வாய்விட்டுப் படியுங்கள்.

பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, குழி, தார், இராட்டை, ஜக்கார்டு, ஜரிகை, நெசவாளர், சேலை.

படித்தாயிற்றா? இப்போது பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு, 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து 97, 94, 91 என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். 1 வந்ததும் நிறுத்துங்கள். பிறகு, பட்டியலைத் திரும்பிப் பார்க்காமல், நினைவுக்கு வரும் சொற்களை எல்லாம் தாளில் எழுதுங்கள். எந்த வரிசையில் எழுதினாலும் சரி. முடிந்ததும் தாளை மடித்து ஓரமாக வையுங்கள். அதைப் பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

பெட்டியின் மேல் இருக்கும் பெரியவர்

'டிரேட்', 'பிசினஸ்' என்ற பெயர்களில் நம் ஊர்க் கடைகளில் ஓர் ஆட்டம் கிடைக்கிறது. தாயக்கட்டையைப் போலப் பகடையை உருட்டி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று ஊர் ஊராகச் சென்று இடங்களை வாங்கி, அங்கே வருகிறவர்களிடம் வாடகை வாங்கும் ஆட்டம். கோடை விடுமுறையில் நீங்களும் விளையாடியிருப்பீர்கள். இதற்கு மூலமான ஆட்டத்தின் பெயர் மோனோபொலி. அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் 1935-இல் அதை விற்கத் தொடங்கியது. இன்று உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் அதை விளையாடுகிறார்கள்.

மோனோபொலிக்கு ஒரு சின்னம் உண்டு. 1936-இல் ஆட்டச் சீட்டுகளில் அச்சான ஒரு பணக்காரப் பெரியவர்தான் அது. உயரமான கறுப்புத் தொப்பி, வெள்ளை மீசை, கழுத்தில் சிறு முடிச்சுப் பட்டை, கையில் ஒரு தடி. பல கோடி பேர் அவர் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

அவர்களிடம், "அந்தப் பெரியவர் கண்ணில் என்ன அணிந்திருக்கிறார்?" என்று கேட்டால், ஏராளமானவர்கள் தயங்காமல் ஒரு விடை சொல்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் பொருத்திக்கொள்ளும் வட்டமான ஒற்றைக் கண்ணாடி என்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியச் சீமான்கள் அப்படி ஒன்றை அணிவதுண்டு. அதிலிருந்து சட்டைப் பைக்கு ஒரு சங்கிலி தொங்கியது என்றுகூடச் சிலர் சொல்வார்கள்.

ஆனால் உலகெங்கும் விற்கும் வழக்கமான மோனோபொலிப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். பெரியவரின் கண்ணில் கண்ணாடியே இல்லை!

ஒருவருக்கு ஞாபகம் பிசகினால் நாம் வியப்பதில்லை. மறதி எல்லோருக்கும் உண்டு. இங்கே வியப்பு என்னவென்றால், ஒருவரை ஒருவர் அறியாத பல்லாயிரம் பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒருவர் பெரியவருக்குத் தாடி வைத்து, இன்னொருவர் தலைப்பாகை கட்டி, மூன்றாமவர் செருப்பை மறந்தால் அது வெறும் மறதி. எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் அதே ஒற்றைக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்களே, அது எப்படி?

சிகாகோவில் நடந்த ஆய்வு

இந்தக் கேள்வியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் முறையாக ஆராய்ந்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2022-இல் வெளிவந்தது. மக்கள் நன்கு அறிந்த 40 சின்னங்களையும் சித்திரப் பாத்திரங்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள். ஒன்று உண்மையான படம். மற்ற இரண்டிலும் ஏதாவது ஒரு சிறு மாற்றம் இருக்கும். 100 பேரிடம் இவற்றைக் காட்டி, "எது சரியானது?" என்று கேட்டார்கள்.

பெரும்பாலான சின்னங்களில் மக்கள் சரியாகவே சொன்னார்கள். ஏழு சின்னங்களில் மட்டும் ஒரு விசித்திரம் தெரிந்தது. பலரும் தவறான ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் உறுதியோடு தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏழில் மோனோபொலிப் பெரியவரும் ஒருவர். கியூரியஸ் ஜார்ஜ் என்ற கதைக் குரங்கு இன்னொன்று. அதற்கு வால் இல்லை. மக்களின் நினைவில் மட்டும் வால் முளைத்திருந்தது.

அவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆய்வாளர்களுக்கும் அது தோன்றியது. ஆகவே படத்தைப் பார்க்கும்போது கவனம் எங்கெங்கே போகிறது என்று அளந்தார்கள். சரியாகச் சொன்னவர்களும் தவறாகச் சொன்னவர்களும் படத்தைப் பார்த்த விதத்தில் தெளிவான வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. அடுத்து, தேர்ந்தெடுக்கப் படம் எதுவும் கொடுக்காமல், நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அப்போதும் அதே தவறுகள் தாமாகவே தாளில் வந்து உட்கார்ந்தன.

ஆகவே கோளாறு கண்ணில் இருப்பதாகத் தெரியவில்லை. இனி, மடித்து வைத்த தாளைப் பிரியுங்கள்.

உங்கள் தாளில் என்ன இருக்கிறது?

எத்தனை சொற்களைச் சரியாக எழுதினீர்கள் என்பது இப்போது முக்கியமில்லை. "தறி" என்ற சொல் உங்கள் தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மேலே போய்ப் பட்டியலைச் சரிபாருங்கள்.

பட்டியலில் தறி இல்லை! ஆனால் அதில் உள்ள எல்லாச் சொற்களும் தறியைச் சுற்றி நிற்கின்றன. நீளவாக்கில் தறியில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைக் கொண்டு செல்வது நாடா. நாடாவுக்குள் இருக்கும் நூல்கண்டு தார். நெசவாளர் காலை இறக்கி உட்காருவது குழி. ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் உங்கள் மூளையில் "தறி" என்ற நினைவு சிறிது சிறிதாகத் தட்டி எழுப்பப்பட்டது. பன்னிரண்டு முறை எழுப்பப்பட்ட பின், அதைப் படித்தோமா, அல்லது தானாக நினைத்துக்கொண்டோமா என்று பிரித்தறிவது மூளைக்குக் கடினமாகிவிடுகிறது.

இது ஒரு புகழ்பெற்ற சோதனையின் தமிழ் வடிவம். ஜேம்ஸ் டீஸ் என்ற உளவியலார் 1959-இல் இந்த முறையை வெளியிட்டார். ஹென்றி ரோடிகர், கேத்லீன் மெக்டெர்மாட் இருவரும் 1995-இல் அதை மீண்டும் எடுத்து விரிவாகச் செய்தார்கள். படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு என்பன போன்ற பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டினார்கள். "தூக்கம்" என்ற சொல்லை மட்டும் படிக்கவில்லை. அப்படிப் படிக்கப்படாத சொற்களை மாணவர்கள் 100-க்கு ஏறத்தாழ 40 முறை எழுதினார்கள்.

உங்கள் தாளில் தறி இல்லை என்றால் வருந்த வேண்டாம். இதையே வகுப்பில் முப்பது பேருக்குச் செய்து பாருங்கள். தவறு செய்தவர்கள் எல்லோரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதியவர்கள். ஆனாலும் பலருடைய தாளிலும் ஒரே தவறுதான் இருக்கும். ஒருவர் தறியை எழுத, மற்றவர் "மீன்" என்று எழுதியிருக்க மாட்டார். காரணம், எல்லோரும் ஒரே அறிவிலிருந்து இடைவெளியை நிரப்பியிருக்கிறார்கள்.

மோனோபொலிப் பெரியவருக்கும் இதேதான் நடந்தது எனலாம். உயரமான தொப்பி, தடி, மீசை எல்லாம் சேர்ந்தால் "பழைய காலத்து ஐரோப்பியச் சீமான்" என்ற ஒரு முழு உருவம் மனத்தில் எழுகிறது. அந்த உருவத்தோடு ஒற்றைக் கண்ணாடியும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பிளான்டர்ஸ் என்ற கடலை நிறுவனத்தின் சின்னமான நிலக்கடலை மனிதனுக்குத் தொப்பியும் தடியும் உண்டு. ஒற்றைக் கண்ணாடியும் உண்மையாகவே உண்டு. அந்த உருவத்தோடும் பெரியவர் கலந்துபோயிருக்கலாம். நம் ஊர் வழக்கத்தில் சொல்வதானால், பழைய திரைப்படத்தில் வந்த ஒரு பண்ணையாரை நினைவுபடுத்தச் சொன்னால், மீசையை மழித்த பண்ணையாருக்குக்கூட நாம் முறுக்கு மீசை வைத்துவிடுவோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏழு சின்னங்களையும் இந்த ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியவில்லை. ஃப்ரூட் ஆஃப் தி லூம் என்ற ஆடை நிறுவனத்தின் சின்னத்தில் பழங்கள் மட்டுமே இருக்கின்றன. பழங்களுக்குப் பின்னால் கொம்பு வடிவக் கூடை ஒன்று இருந்ததாகப் பலருக்கு நினைவு. பழங்களைத் தட்டில் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் தட்டு இருக்கும் படத்தை விட்டுவிட்டுக் கொம்புக் கூடைப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்பது இன்னும் தீராத புதிர். அறிவியலில் இப்படித் திறந்தே கிடக்கும் கதவுகள் பல உண்டு.

அறிவு தரும் பலமும் பிழையும்

"இப்படித் தவறு செய்யும் மூளை மட்டமான மூளையா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சதுரங்கப் பலகையில் இருக்கிறது.

வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நின்ற நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி, பிறகு அதை அப்படியே வேறு பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். நடுத்தர ஆட்டக்காரர் 8 வைத்தார். புதியவர் 4 வைத்தார். அடுத்து, காய்களை விதி எதுவும் இன்றிக் கண்டபடி பலகையில் பரப்பிக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரும் கிட்டத்தட்டப் புதியவரைப் போலவே தடுமாறினார்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? சதுரங்க வீரர் புகைப்படம் எடுப்பதுபோலப் பலகையை மனத்தில் பதித்துக்கொள்வதில்லை. கோட்டைக்குள் அரசன், அவன் முன் மூன்று சிப்பாய்கள் என்று தனக்குப் பழக்கமான தொகுதிகளாகப் பார்க்கிறார். 2024-இல் உலகப் பட்டம் வென்ற சென்னை வீரர் குகேஷ் போன்றவர்களின் திறமைக்குப் பின்னால் இப்படிப்பட்ட பல்லாயிரம் தொகுதிகள் இருக்கின்றன. பழக்கமே நினைவுக்குப் பலம்.

அதே பழக்கம் பிழைக்கும் காரணம் ஆகிறது. ஆலன் காஸ்டலும் நண்பர்களும் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் விலங்குகளின் பெயர்களைக் கொடுத்தார்கள். அவை எல்லாம் அமெரிக்கக் கால்பந்துக் குழுக்களின் பெயர்களும்கூட. கால்பந்து பற்றி நிறையத் தெரிந்தவர்கள் அதிகச் சொற்களைச் சரியாக நினைவுகூர்ந்தார்கள். கூடவே, பட்டியலில் இல்லாத குழுப் பெயர்களையும் அதிகமாகச் சேர்த்தார்கள்.

ஆகவே நம் "தறி" சோதனையிலும் ஒரு கேள்வி எழுகிறது. ஆரணி நெசவாளர் வீட்டு மாணவர்கள், நெசவையே பார்க்காத வேறு ஊர் மாணவர்கள் இருவருக்கும் இதே பட்டியலைக் கொடுத்தால், யார் அதிகமாகத் "தறி" எழுதுவார்கள்? ஊகித்து வையுங்கள். முடிந்தால் செய்து பாருங்கள்.

அட்டையும் மூளையும்

ஆரணியில் ஜக்கார்டுப் பெட்டி பொருத்திய தறியைப் பார்த்திருப்பீர்கள். தறிக்கு மேலே, துளையிட்ட அட்டைகள் மாலைபோலத் தொங்கும். பிரான்ஸ் நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி இந்த முறையை உருவாக்கினார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைகிறது; அந்த ஊசியோடு இணைந்த கொக்கி மேலே எழுகிறது; அதில் கட்டிய பாவு இழையும் உயர்கிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, இழை கீழேயே நிற்கிறது. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. சேலையின் கரையில் அன்னமோ மாங்காயோ வருவது இப்படித்தான்.

இந்த அட்டைகளைப் பத்தாண்டு கழித்து எடுத்துப் பூட்டினாலும், கிழியாமல் இருந்தால், அதே அன்னம் அதே வளைவோடு வரும். நம் நினைவும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது எங்கோ பத்திரமாகத் துளையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் எண்ணம்.

பிரிட்டிஷ் உளவியலார் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் எழுதிய நூலில் வேறு மாதிரிச் சொன்னார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்து மீண்டும் மீண்டும் எழுதச் சொன்னார். கதை சுருங்கியது, அத்தோடு உருவும் மாறியது. பழங்குடியினரின் ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. படிப்பவரின் ஊர்ப் பழக்கத்திற்கு ஏற்பக் கதை தானாகவே திருந்திக்கொண்டது. பழைய சேலையின் மாதிரியைக் கையில் வைத்துக்கொள்ளாமல், "முன்பு எப்படி இருந்தது" என்று நினைத்து நினைத்துப் புதிதாக நெய்வது போன்றது நம் நினைவு. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஒரு புதிய சேலை. சாயல் இருக்கும், இழைக்கு இழை இருக்காது.

ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க

இதுவரை நாம் பார்த்தது, ஒருவரை ஒருவர் பார்க்காதவர்களிடம் ஏற்படும் பொதுத் தவறு. பேசிக்கொண்டால் என்ன ஆகும்?

ரோடிகரும் இரு ஆய்வாளர்களும் 2001-இல் இதைச் சோதித்தார்கள். சமையலறை போன்ற வீட்டுக் காட்சிகளை இருவருக்குக் காட்டி, பார்த்ததை மாறி மாறிச் சொல்லச் சொன்னார்கள். இருவரில் ஒருவர் ஆய்வாளர்களின் ஆள். காட்சியில் இல்லாத சில பொருள்களையும் அவர் வேண்டுமென்றே சொன்னார். பிறகு மற்றவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்டபோது, அந்த இல்லாத பொருள்களில் சில அவருடைய "நினைவில்" சேர்ந்திருந்தன.

இப்படிப்பட்ட பொது நினைவுப் பிழைக்கு இப்போது 'மண்டேலா விளைவு' என்று ஒரு பெயர் வழங்குகிறது. தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 1980-களில் சிறையிலேயே இறந்துவிட்டார் என்று பலர் நினைவு வைத்திருந்தார்கள். அவர் 1990-இல் விடுதலையாகி, 1994-இல் குடியரசுத் தலைவராகி, 2013-இல்தான் காலமானார். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாம் வேறோர் உலகத்திலிருந்து வந்திருக்கிறோம், அங்கே பெரியவருக்குக் கண்ணாடி இருந்தது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். "தறி" என்று எழுதிய உங்களுக்கு அப்படி ஓர் உலகம் தேவைப்படாது. பன்னிரண்டு சொற்களும் ஒரு மூளையும் போதும்.

மோனோபொலியின் பிறப்பைப் பற்றியும் இப்படி ஒரு பொதுத் தவறு நெடுங்காலம் நிலவியது. வேலையிழந்த சார்ல்ஸ் டாரோ என்பவர் 1930-களின் பஞ்ச காலத்தில் தனியாக அதைக் கண்டுபிடித்தார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஆனால் லிஸி மேகி என்ற பெண்மணி 1904-லேயே 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற ஆட்டத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நிலம் சிலர் கையில் குவிவதன் தீமையை விளக்கவே அவர் அதை உருவாக்கினார். அந்த ஆட்டம் கைமாறிக் கைமாறி வளர்ந்துதான் டாரோவிடம் வந்தது. 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு வழக்குக்காகப் பழைய ஆவணங்களையும் பழைய பலகைகளையும் தேடித் திரட்டியபோதுதான் மேகியின் பெயர் பரவலாக வெளியே வந்தது. கோடிப் பேர் திருப்பிச் சொன்ன கதையை ஒரு காப்புரிமைத் தாள் திருத்திவிட்டது!

விளையாட்டைத் தாண்டி

பெரியவருக்குக் கண்ணாடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். இதே மூளையைக் கொண்டுதான் நாம் சாட்சியும் சொல்கிறோம்.

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, 50 பேரிடம் "கார்கள் இடித்துக்கொண்டபோது வேகம் என்ன?" என்றும், வேறு 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தீர்களா?" என்றார்கள். முதல் குழுவில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட குழுவில் 16 பேர் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை, சிறையில் இருந்த 375 பேர் குற்றமற்றவர்கள் என்று டி.என்.ஏ. சோதனை காட்டியது. அந்த வழக்குகளில் பத்தில் ஏறத்தாழ ஏழில், "இவர்தான்" என்று நேரில் பார்த்தவர்கள் தவறாக அடையாளம் காட்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்ல வந்தவர்கள் அல்லர். தங்கள் நினைவை நம்பினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நம் நாட்டிலும், அடையாள அணிவகுப்பு நடக்கும் முன் சந்தேக நபரைச் சாட்சிக்குக் காட்டிவிடக்கூடாது என்கிறார்கள்.

நம் வீட்டுக்கு இன்னும் அருகில் வருவோம். நெசவாளர் ஒருவர் சேலைக்கு முன்பணம் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டு கழித்து, வாங்கியது பத்தாயிரம் என்கிறார் அவர். பதினைந்தாயிரம் என்கிறார் கொடுத்தவர். இருவர் வீட்டாரும் தத்தம் பக்கத்தையே உறுதியாகச் சொல்கிறார்கள். நாம் உடனே, "யாரோ ஒருவர் பொய்யர்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல ஆண்டு உறவு முறிந்துபோகிறது. இருவருமே நேர்மையானவர்களாக இருந்து, ஒருவர் நினைவு மட்டும் வேறு விதமாக நெய்யப்பட்டிருக்கலாம். வீட்டில் பத்துப் பேர் ஒரே தொகையைச் சொன்னாலும், பத்துப் பேரும் ஒருவர் வாயிலிருந்து கேட்டதாக இருந்தால் அது ஒரே சாட்சிதான். கொடுத்த அன்றே இருவரும் கையெழுத்திட்ட ஒரு வரி, அந்தப் பத்துச் சாட்சிகளைவிட வலியது.

செய்து பாருங்கள்

பொது நினைவை நீங்களே ஆராயலாம். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடின் சின்னம் 'தம்பி' ஊரெங்கும் சுவர்களிலும் பேருந்துகளிலும் இருந்தது அல்லவா? குதிரைத் தலையும் வேட்டியும் கூப்பிய கைகளும் கொண்ட அந்த உருவத்தை நினைவிலிருந்து வரையும்படி இருபது பேரைக் கேளுங்கள். தோளில் துண்டு இருந்ததா? சட்டையின் கை முழுதா, அரையா? காலில் செருப்பு இருந்ததா? விடையை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. படத்தைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டுமானால், வைகுண்ட ஏகாதசி இரவில் விளையாடும் பரமபதப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய பாம்பின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

இவற்றைச் செய்யும்போது நான்கு விதிகளைக் கவனியுங்கள்.

1. ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். முதலில் எழுதட்டும், பிறகு பேசட்டும்.

2. கேள்வியிலேயே விடையைக் கலக்காதீர்கள். "துண்டு என்ன நிறம்?" என்று கேட்டால், துண்டு இருந்ததாக நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

3. எவ்வளவு உறுதி என்று 1 முதல் 5 வரை எண் போடச் சொல்லுங்கள். தவறான விடைகளுக்கு எத்தனை 5 விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

4. எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்தவர்களா என்று உறுதி செய்யுங்கள். பரமபதப் படங்கள் அச்சகத்துக்கு அச்சகம் மாறுபடும். வேறு வேறு படத்தில் விளையாடியவர்களின் விடைகள் மாறுவது இயல்பு. அதை நினைவுப் பிழை என்று எழுதிவிடக் கூடாது.

முடிவுகளை அட்டவணையாக்குங்கள். தவறுகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடந்தால் அது மறதி. ஒரே தவறு பலரிடம் குவிந்திருந்தால், அந்த இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எது இருந்தது? ஒரே அறிவா, ஒரே படமா, ஒரே பேச்சா?

சிந்திக்க

மோனோபொலிப் பெரியவருக்குக் கண்ணாடி இல்லை என்று இன்று படித்துவிட்டீர்கள். ஐந்து ஆண்டு கழித்து உங்களை யாராவது கேட்டால், கண்ணாடியோடு நினைவு வருமா, கண்ணாடி இல்லாமலா? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதியோடு உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.